இராணியைக் கேளாத சபை

தேன்கூட்டில் இராணி என ஒருத்தி இருக்கிறாள் என்பதைச் சிறுபிள்ளைகளும் அறிவர். இராணி இருந்தால் ஆட்சி இருக்கும், ஆட்சி இருந்தால் கட்டளை இருக்கும் என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். உண்மையில் முட்டையிடுவதே அவள் தொழில். அவள் உடலிற் சுரக்கும் மணம் குடும்பத்தைப் பிணைத்து வைக்கிறது. அதற்குமேல் ஆட்சி என்று சொல்லத்தக்கது எதுவும் அவளிடம் இல்லை. குடும்பம் முழுவதன் உயிரும் ஒரே தீர்மானத்தைப் பொறுத்திருக்கும் நாளிற்கூட அவளை எவரும் கேட்பதில்லை. அந்த நாளில் தேனீக்கள் செய்வது என்ன என்பதையும், அதனை விளங்கிக்கொள்ளக் கணிதம் எவ்வாறு கைகொடுத்தது என்பதையும் இங்கு கூற விரும்புகிறோம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்க்கப்படும் தேனீயைப் பற்றியதே இக் கட்டுரை. நம் நாட்டு மரப்பொந்துகளிற் குடியிருக்கும் தேனீ அதற்கு நெருங்கிய உறவாயினும் வேறோர் இனம். அந்நாடுகளில் இளவேனிலின் பிற்பகுதியிலே கூடு நிறைந்து இடம் போதாமற் போகும். அப்பொழுது பழைய இராணி, வேலைத் தேனீக்களிற் பெரும்பாலானவற்றோடு வெளியேறிவிடுவாள். வீடும் அதிலுள்ள தேனும் மகளுக்கு. வெளியேறிய ஏறத்தாழ 10,000 தேனீக்களும் அண்மையிலுள்ள ஒரு மரக்கிளையில் தாடிபோலத் திரண்டு தொங்கும். வீடில்லை, அடையில்லை, வயிற்றிற் சுமந்து வந்த தேன் மட்டுமே கையிருப்பு. சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ ஒரு பொந்தைத் தேடிக்கொண்டாக வேண்டும்.

எந்தப் பொந்தானாலும் போதும் என்று இருந்துவிட முடியாது. ஒரு குடும்பம் பனிக்காலத்தைக் கடக்க ஏறத்தாழ 20 கிலோ தேன் வேண்டும். பொந்து சிறிதானால் அதைச் சேமிக்க இடமிராது. வாயில் பெரிதானால் குளிரும் புகும், பகையும் புகும். நியூயோர்க் மாநிலத்து இதாக்கா நகரைச் சூழ்ந்த பகுதியில் ஆராய்ந்தபோது, புதிதாய்க் குடியேறிய குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றே முதற் குளிர்காலத்தைத் தாண்டியது தெரியவந்தது. இன்னொரு சங்கடமும் உண்டு. திரளில் இராணி ஒருத்திதான். ஆகவே நல்ல வீடுகள் இரண்டு கிடைத்தாலும், பாதிப்பேர் இங்கும் பாதிப்பேர் அங்கும் போக இயலாது. நல்லதைத் தெரிந்தால் மட்டும் போதாது; எல்லாரும் ஒன்றையே தெரிதல் வேண்டும்.

கரி படிந்த நடனக்காரிகள்

இத் தேர்வு நிகழும் விதம் மனிதர் கண்ணிற் பட்ட வரலாறு சுவையானது. 1949ஆம் ஆண்டின் இளவேனில். போர்க்காலக் குண்டுவீச்சில் சிதைந்து, இடிபாடுகளோடு கிடந்தது ஜேர்மனியின் மியூனிச் நகரம். தேனீயின் நடனமொழியைக் கண்டறிந்து, பின்னர் 1973இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றவர் கார்ல் வொன் பிரிஷ். அவருடைய மாணாக்கர் மார்ட்டின் லிண்டவர். உருசியப் போர்முனையிற் படுகாயமுற்று மீண்டவர். விலங்கியற் கழகத்தின் அருகே ஒரு புதரில் தொங்கிய திரளின்மேல் சில தேனீக்கள் நடனமாடுவதை அவர் கண்டார். பூந்தேன் கண்ட தேனீ கூட்டினுள்ளே ஆடி இடஞ்சொல்லும் என்பது ஆசிரியரிடம் கற்ற பாடந்தான். ஆனால் இந்த நடனக்காரிகளின் மேனியில் மகரந்தத்தைக் காணோம். ஒன்று புகைக்கரி படிந்து கறுத்திருந்தது. ஒன்று செங்கல் தூள் படிந்து சிவந்திருந்தது. வேறொன்று மாவிற் புரண்டதுபோல் வெளுத்திருந்தது. பூவுக்குப் போய் வந்ததன் உடம்பில் கரி எங்ஙனம் வரும்? புகைபோக்கிகளிலும் இடிந்த சுவர்களின் இடுக்குகளிலும் புகுந்து வீடு பார்த்து வந்த ஒற்றர்கள் இவை என்று லிண்டவர் ஊகித்தார்.

பின்வந்த ஆண்டுகளில், திரள்களின் அருகே நாட்கணக்காய் அமர்ந்து, ஆடிய தேனீக்களுக்கு வர்ணப் புள்ளியிட்டுக் குறித்துவந்தார். 1955இல் வெளியான அவருடைய ஆய்வு பின்வருமாறு கூறுகிறது: முதலிற் பல இடங்களுக்காக நடனம் நிகழும், நேரஞ் செல்லச் செல்லச் சில இடங்கள் ஆதரவிழக்கும், முடிவில் நடனங்கள் எல்லாம் ஓரிடத்தையே சுட்டும், பின்னர் திரள் எழுந்து அங்கே பறக்கும். எப்பொழுதும் இவ்வளவு நன்றாக முடிந்ததோ என்றால், இல்லை. ஒரு திரள் இரண்டு கட்சியாக நின்று, இணக்கம் காணாமலே வானில் எழுந்தது. ஒருசாரார் ஒருபுறமும் மறுசாரார் மறுபுறமும் இழுக்க, போக்கிடமின்றித் திரும்பி இறங்கியபோது இராணி காணாமற் போயிருந்தாள். இராணியை இழந்த திரளுக்கு அதன்பின் வாழ்வில்லை.

நடனத்தின் இலக்கணத்தை இரண்டொரு வாக்கியத்திற் சொல்லிவிடலாம். தேனீ உடலைக் குலுக்கிக்கொண்டு நேராகச் சிறிது ஓடும். வளைந்து தொடங்கிய இடத்துக்கு வந்து மறுபடியும் ஓடும். அவ்வோட்டம் நிலைக்குத்துக் கோட்டோடு ஆக்கும் கோணம், சூரியனிருக்கும் திசையிலிருந்து எத்தனை பாகை விலகிப் பறக்க வேண்டும் என்பதைக் காட்டும். குலுக்கல் ஒரு செக்கன் நீடித்தால் தூரம் ஏறத்தாழ 1 கிலோமீற்றர். இவை திசையும் தூரமும். வீட்டின் தரத்தை எப்படிச் சொல்வது? எத்தனை முறை திரும்பத் திரும்ப ஓடுகிறது என்பதிலே அது அடங்கியிருக்கிறது. கணிதத்துக்கு வேலை தொடங்குவதும் இந்த இடத்திலேதான்.

தேய்கின்ற ஆட்டம்

லிண்டவரின் பணியை 1970களிலிருந்து தொடர்ந்தவர் அமெரிக்காவின் கோர்னெல் சர்வகலாசாலைப் பேராசிரியர் தோமஸ் சீலி. தேனீ விரும்பும் வீடு எது என அறிய அவர் பலவகைப் பெட்டிகளை வைத்துப் பார்த்தார். ஏறத்தாழ 40 லீற்றர் கொள்ளளவு, 15 சதுர சென்ரிமீற்றர் அளவான சிறு வாயில், அவ்வாயிலும் பொந்தின் அடிப்பாகத்தில், நிலத்திலிருந்து நல்ல உயரம் - இவையே அவற்றின் விருப்பம். இருண்ட பொந்தின் கொள்ளளவைத் தேனீ எவ்வாறு அறிகிறது? நடந்து அளக்கிறது. சீலி உருளைவடிவான பெட்டியொன்றைச் சுழலத்தக்கதாகச் செய்து, ஒற்றர் தேனீ உள்ளே நடக்கும்போது அதை மெல்லத் திருப்பினார். சுற்றிவரக் கூடுதலாக நடக்க நேர்ந்த தேனீ வீட்டைப் பெரிதென்று கொண்டது. குறைவாக நடந்தது சிறிதென்று கொண்டது. சுற்றளவிலிருந்து பரப்பைக் காணச் சொன்னால் முகஞ் சுளிக்கும் நம் மாணாக்கர் இதனைக் கவனிப்பாராக.

மேய்ன் மாநிலக் கரைக்கு அப்பால் அப்பிள்டோர் என்றொரு சிறு தீவு இருக்கிறது. பெருமரங்கள் இன்மையால் அங்கே தேனீ குடிபுகத்தக்க பொந்து கிடையாது. ஆராய்ச்சியாளர் வைக்கும் பெட்டிகளே வீடு. சீலி அங்கு 15 லீற்றர்ப் பெட்டிகள் நான்கும் 40 லீற்றர்ப் பெட்டி ஒன்றும் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து திரள்களைச் சோதித்தார். நான்கு திரள்கள் சிறந்த பெட்டியையே தெரிந்துகொண்டன. ஆராய்ச்சி என்றால் எத்தகைய உழைப்பு என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்லவேண்டும். 1999இல் வெளியான ஆய்வொன்றுக்காக, 4,000 தேனீக்கள் கொண்ட மூன்று திரள்களில் ஒவ்வொரு தேனீக்கும் தனித்தனி அடையாளமிட்டார்கள். நடனங்களை வீடியோவிற் பதிந்து, எது எங்கே எத்தனை முறை ஆடியது என்று எண்ணினார்கள். பன்னீராயிரம் தேனீக்களுக்கு இலக்கமிடும் பொறுமை நமக்கு வராது.

இத்தகைய எண்ணுதலிலிருந்து ஒரு சிறு விதி வெளிப்பட்டது. வீட்டைக் கண்டு வந்த ஒற்றர் தேனீ அதன் தரத்துக்கேற்பப் பலமுறை ஆடும். பிறகு மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆடும். ஆனால் முன்னையிலும் ஏறத்தாழ 15 முறை குறைவாக ஆடும். அடுத்த வரவில் இன்னும் 15 குறையும். வீடு கெட்டுவிடவில்லை, இருந்தும் ஆட்டம் தேய்ந்து தேய்ந்து நின்றுவிடும். வீடு சிறந்ததாயினும் சுமாரானதாயினும் இக் குறைவு ஏறக்குறைய ஒன்றே.

இது வெறும் களைப்பென்று எண்ணிவிடக்கூடாது. ஒரு தாளை எடுத்துக் கணக்கிடுவோம். தொடக்க எண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. நல்ல வீட்டைக் கண்ட தேனீ 120 முறையிலே தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். அதன் வரவுகள் 120, 105, 90, 75, 60, 45, 30, 15, கூட்டினால் 540. பாதித் தரமான வீட்டைக் கண்டது 60இல் தொடங்கும்: 60, 45, 30, 15, கூட்டினால் 150. தொடக்கத்தில் வேறுபாடு இரண்டு மடங்குதான். முடிவில் அது 3.6 மடங்காகிவிட்டது. கூட்டல் விருத்தி படித்தவர் காரணத்தை உடனே காண்பர். உறுப்புகளின் எண்ணிக்கை இருமடங்கானால் கூட்டுத்தொகை நான்கு மடங்கை அண்மிக்கும். அந்த 540 ஆட்டங்களைக் கண்டு புறப்படும் புதிய ஒற்றர்களும் வந்து இவ்வாறே ஆடுவதால், தரத்திலுள்ள சிறு வேற்றுமை தலைமுறைக்குத் தலைமுறை பெருகும்.

பிழையான கட்சியிற் சேர்ந்த தேனீக்கள் நல்ல வீட்டையும் போய்ப் பார்த்து மனம் மாறுகின்றன என்பது லிண்டவரின் கருத்தாயிருந்தது. அடையாளமிட்டுப் பார்த்தபோது பெரும்பாலானவை அப்படிச் செய்யவில்லை, பேசாமல் ஓய்ந்துவிட்டன. எதிர்க்கட்சி தோற்பதில்லை, வயதாகி ஓய்வு பெறுகிறது. ஒரே பேச்சை ஒவ்வோராண்டுப் பொதுக்கூட்டத்திலும் குரல் தாழாமற் பேசும் பெரியவர்களைச் சங்கங்களிற் கண்டு பழகிய நமக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

இன்னொரு வழக்கமும் உண்டு. நடனத்தைப் பார்த்த தேனீ அதை நம்பி உடனே தானும் ஆடிவிடாது. சொன்ன இடத்துக்குப் பறந்து, உள்ளே நடந்து, தானே அளந்து பார்த்த பின்பே ஆடும். இந்த வழக்கம் இல்லாவிட்டால் என்னவாகும்? கிறிஸ்ரியன் லிஸ்ற், கிறிஸ்ரியன் எல்ஸ்ஹொல்ட்ஸ், சீலி ஆகிய மூவரும் 2009இல் இதனைக் கணனியில் அமைத்துப் பார்த்தனர். தேனீக்கள் ஒன்றையொன்று பார்த்து அப்படியே பின்பற்றும் என வைத்தால் இணக்கம் விரைவில் வருகிறது. ஆனால் அது பலமுறை கெட்ட வீட்டில் வந்து முடிகிறது. ஒன்றின் நடனத்தை மற்றொன்று கவனிக்கவே கவனிக்காது என வைத்தால் இணக்கம் வருவதே அரிதாகிறது. எங்கே போய்ப் பார்ப்பது என்பதற்குப் பிறர் சொல். பார்த்தது எப்படி என்பதற்குத் தன் சொல். இரண்டும் சேர்ந்தாலே காரியம் ஆகிறது.

ஐம்பதும் நாற்பதும்

நல்லதும் கெட்டதும் போட்டியிடும்போது இவ்வளவு போதும். இரண்டும் ஒரே தரமான வீடுகளாயிருந்தால்? மியூனிச்சில் இராணியை இழந்த அந்தத் திரளின் கதி இங்கேதான் காத்திருக்கிறது. இதனை விளங்கிக்கொள்ளச் சமன்பாடுகள் தேவைப்பட்டன.

2002இல் பிரித்தானியக் கணித அறிஞர் நிக்கலஸ் பிரிட்டனும் சீலி முதலியோரும் ஒரு வகையீட்டுச் சமன்பாட்டுத் தொகுதியை அமைத்தனர். அது தொற்றுநோய் பரவுவதைக் கணிக்கும் சமன்பாடுகளின் இனத்தைச் சேர்ந்தது. நோயாளியும் நலமுள்ளவரும் சந்தித்தால் நோய் பரவுவதுபோல, ஆடும் தேனீயும் இன்னும் எக்கட்சியிலும் சேராத தேனீயும் சந்தித்தால் ஓர் ஆதரவாளர் கூடும். ஒரு கட்சியினர் பத்துப்பேர், சேராதோர் இருபதுபேர் என்றால், சந்திக்கத்தக்க சோடிகள் இருநூறு. ஆகவே அந்தச் சேர்க்கை இரண்டு எண்களின் பெருக்கத்துக்கு விகிதசமம். ஓய்வு பெறுதலோ அந்தந்தக் கட்சியின் தொகைக்கு மட்டும் விகிதசமம்.

இவ்விரண்டும் மட்டுமே நிகழ்ந்தால் என்னவாகும் என்பதை, எளிதான எண்களில் நாமே பார்த்துவிடலாம். சமமான இரண்டு வீடுகள். ஒன்றை 50 தேனீக்களும் மற்றதை 40 தேனீக்களும் ஆதரிக்கின்றன. ஒவ்வொரு கட்சியிலும் ஐந்திலொரு பங்கு ஓய்கிறது: 10 ஒருபுறம், 8 மறுபுறம். எஞ்சியவை 40, 32. ஓய்ந்த இடத்துக்கு 18 புதியவை வருகின்றன. அவை நடனங்களின் விகிதப்படி, அதாவது 5க்கு 4 என்ற அளவில், பிரிந்து சேர்கின்றன: 10, 8. மறுபடியும் 50, 40! எத்தனை சுற்றுக் கடந்தாலும் இதே ஐம்பதும் நாற்பதும். பெரும்பான்மை இருக்கிறது, ஆனால் அது வளரவில்லை. வயிற்றுத் தேனோ கரைந்துகொண்டிருக்கிறது.

இந்த முடிச்சை அவிழ்த்தது ஒரு முரட்டுச் செய்கை. ஆடிக்கொண்டிருக்கும் தேனீயை மற்றொரு தேனீ அணுகி, தலையால் முட்டி, கணநேரம் கீச்சென்று ஒலிக்கும். இவ்வாறு பலமுறை முட்டுண்ட தேனீ ஆட்டத்தை நிறுத்திவிடும். முட்டுவது யார்? சீலியும் அவரோடு ஷெபீல்ட் சர்வகலாசாலை ஜேம்ஸ் மார்ஷல் முதலியோரும் அப்பிள்டோர் தீவில் ஒரேவிதமான இரண்டு பெட்டிகளை வைத்தனர். ஒன்றுக்கு வந்த ஒற்றர்களுக்கு மஞ்சள் வர்ணமும், மற்றதற்கு வந்தவற்றுக்கு இளஞ்சிவப்பு வர்ணமும் இட்டுவிட்டுத் திரளைக் கவனித்தனர். மஞ்சளை முட்டியவை பெரும்பாலும் இளஞ்சிவப்பு. இளஞ்சிவப்பை முட்டியவை பெரும்பாலும் மஞ்சள். இம் முடிவு 2012இல் வெளியாயிற்று.

இரு கட்சியும் ஒன்றையொன்று முட்டினால் சண்டை முற்றி, இணக்கம் இன்னும் தள்ளிப்போகும் என்றே எவரும் நினைப்பர். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். கணக்கு வேறு விடை தருகிறது. முட்டல் நிகழ இருவர் சந்திக்க வேண்டும். அச் சந்திப்பின் அளவு இரு கட்சிகளின் பெருக்கம். அதனால் இரு கட்சிக்கும் நேரும் இழப்பு விகிதத்தில் அல்ல, எண்ணிக்கையிலேயே சமமாகிறது. பழைய 50, 40ஐ எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கத்திலும் 20 தேனீக்கள் முட்டுண்டு நின்றன என்க. எஞ்சியவை 30, 20. விடுபட்ட 40 தேனீக்களும் இப்பொழுது 3க்கு 2 என்ற விகிதத்திற் சேர்கின்றன: 24, 16. புதிய நிலை 54, 36. இன்னொரு சுற்று இவ்வாறே நடந்தால் ஏறத்தாழ 61, 29. ஐம்பதில் இருபது போவது தாங்கக்கூடியது. நாற்பதில் இருபது போவது பாதி போவது. சமமான அடி சிறிய கட்சிக்கே பெரிய அடி. பத்துப்பேரின் தற்செயலான மிகுதியை இந்தக் கழித்தல் ஒரு தீர்ப்பாக மாற்றிவிடுகிறது.

2013இல் மார்ஷலும் பிறின்ஸ்டன் சர்வகலாசாலை நயோமி லெனாட் முதலியோரும் இன்னுமொரு படி சென்றனர். வீட்டின் தரத்தை 'த' என்போம். வீட்டைக் கண்டறியும் வீதமும் ஆள் சேர்க்கும் வீதமும் தரத்தோடு கூடும், கைவிடும் வீதம் தரத்துக்கு நேர்மாறாகக் குறையும் என்று அவர்கள் அமைத்தார்கள். சமமான இரு வீடுகளுக்கிடையிலான இழுபறியை உடைக்கத் தேவையான முட்டலின் வலிமை அப்பொழுது ஒரு சிறு கோவையாக வருகிறது: த-வின் கனத்தை 4ஆற் பெருக்கி, த-வின் வர்க்கத்தில் 1ஐக் கழித்து வருவதன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். உயர்தர வகுப்பு மாணாக்கர் இதனைத் தாமே பெறலாம், முயன்று பார்க்கட்டும். தரம் 2 ஆனால் விடை 32இன் கீழ் 9, அதாவது ஏறத்தாழ 3.6. தரம் 5 ஆனால் 500இன் கீழ் 576, ஒன்றிலும் குறைவு.

இதன் பொருளைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். தேனீக்களின் முட்டல் வலிமை 2 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வீடுகளும் தரம் 5 ஆயின் இழுபறி உடைகிறது. எதுவானாலும் நல்லதே, ஒன்றுக்குப் போய்விடலாம். இரண்டும் தரம் 2 ஆயின் இழுபறி உடையாது. திரள் கிளையிலேயே தொங்கும். இது குறையா? சுமாரான இரண்டில் ஒன்றுக்கு அவசரப்பட்டுப் போவதைக் காட்டிலும், வெளியே போன ஒற்றர் ஒன்று மூன்றாவதாக நல்லதொன்றைக் கொண்டுவரும்வரை காத்திருப்பது மேல். காத்திரு என்று சொல்ல அங்கே ஒருவருமில்லை. தரம் பத்தாது என்று ஒப்பிட்டு அறிந்த தேனீயும் இல்லை. ஒவ்வொன்றும் தான் கண்ட வீட்டுக்கு ஆடி, எதிரில் ஆடுவதை முட்டுகிறது, அவ்வளவே. காத்திருத்தல் சமன்பாட்டிலே கிடக்கிறது. மின்னும் புள்ளிகள் எத்திசையில் நகர்கின்றன என்று குரங்கு முடிவுசெய்யும்போது, அதன் மூளையில் நரம்புக்கலக் கூட்டங்கள் இரண்டு ஒன்றையொன்று அடக்க முயல்கின்றன. அதனை விளக்கும் சமன்பாடுகளும் தேனீத் திரளின் சமன்பாடுகளும் நெருங்கிய ஒற்றுமை உடையன என்று மார்ஷலும் அவர் குழுவினரும் 2009இலேயே காட்டியிருந்தனர்.

தீர்மானம் எப்பொழுது முடிந்தது என்பதை அறியும் முறையும் எண்ணிக்கையே. எல்லா நடனமும் ஒன்றாகும்வரை அவை காத்திருப்பதில்லை. புதிய வீட்டருகே ஒரே வேளையில் 20 முதல் 30 ஒற்றர்கள் கூடிவிட்டால் அதுவே கூட்ட நடப்பெண். சீலியும் கேர்க் விஷரும் ஒரே மாதிரியான ஐந்து பெட்டிகளை நெருக்கமாக வைத்து, வந்த ஒற்றர்கள் ஐந்திலும் பிரிந்து நிற்கச் செய்தனர். திரளிலே நடனம் குறையவில்லை. ஆயினும் புறப்பாடு தாமதித்தது. ஓரிடத்தில் போதிய தலைகள் சேராமையே காரணம்.

கூட்டம் நிறைந்ததைக் கண்ட ஒற்றர்கள் திரளுக்கு மீண்டு, கூட்டத்தினுள்ளே புகுந்து நெருக்கித் திரிந்து, உயர்ந்த குரலிற் கீச்சிடுகின்றன. அது கேட்டு மற்றத் தேனீக்கள் பறப்புத் தசைகளை நடுக்கி உடம்பைச் சூடாக்குகின்றன. இப்பொழுது முட்டலுக்குக் கட்சி வேற்றுமை இல்லை. ஆடுவது எதுவாயினும், தன் கட்சியேயானாலும், முட்டி நிறுத்தப்படுகிறது. தசைகள் 35 பாகை செல்சியஸை எட்டியதும், ஒரு நிமிட அளவில் தாடி குலைந்து முகிலாகிறது. பதினாயிரத்தில் வழி தெரிந்தவை சில நூறே. அவை முகிலின் மேற்பகுதியை ஊடறுத்து விரைந்து பாய்ந்து திசை காட்ட, மற்றவை பின்னே செல்கின்றன. பொந்தின் வாயிலில் ஒற்றர்கள் இறங்கி, மணம் பரப்பி அழைக்கின்றன. வேலைத் தேனீக்களின் நெரிசலுக்கிடையே இராணியும் உள்ளே நடக்கிறாள். அந்த வீட்டை அவள் காண்பது அதுவே முதற்றடவை.